பிள்ளைகள் ஓதும் அறையின் காற்று



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவித்தொகை, ஜகாத் வரவு செலவு, மருத்துவ முகாம் பற்றி எழுதுவோம். இம்முறை காற்றைப் பற்றி எழுதுகிறோம். காற்றில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாங்களும் போன ஆண்டு வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் அரைகுறையாகவே தெரிந்து வைத்திருப்பதால் முழுவதையும் சொல்லிவிடுகிறோம். நம் மக்தபில் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவருக்கு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு இருமல் தொடங்கியது. இஞ்சியும் தேனும் சாப்பிட்டார். கருஞ்சீரகம் சாப்பிட்டார். மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்தார். வகுப்புக்கு ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. அதை நாங்களும் பெருமையாகப் பேசினோம். கோடை விடுமுறையில் தீனிய்யாத் வகுப்பு நடந்ததல்லவா, காலை ஒன்பதரை முதல் லுஹர் வரை, அந்த நாற்பத்தைந்து பிள்ளைகளும் அவரும் ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள். ஜூன் மாதம் எடை குறைந்து, சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது.

காசநோய்ப் பிரிவு ஊழியர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். ஒரு மாணவனுக்கு மருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவனுக்கு ஹஜ்ரத்திடமிருந்துதான் வந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவன் முன்வரிசையில் உட்கார்ந்து ஓதிய பிள்ளை. வேறு சில பிள்ளைகளுக்கு முன்தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அந்த வாரம் பதினொரு பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். ஹஜ்ரத்தை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். உண்மையைச் சொல்வதென்றால் எங்கள் நிர்வாகக் குழுவிலேயே இருவர் அப்படிச் சொன்னார்கள். அமைதியாக ஒரு தொகை கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை கூட வந்தது.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அந்தக் கூடத்தில் காற்று எப்படி இருந்தது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர் கூடத்துக்கு இரண்டு ஸ்ப்ளிட் ஏசி வாங்கிக் கொடுத்தார். செஞ்சி வெயில் உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். பிள்ளைகள் வியர்த்து, தலை சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவர் கொடுத்தார். அவர் நிய்யத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்களுடையது. குளிர் வெளியே போகக்கூடாது என்று மேலே இருந்த ஜாலித் துளைகளை சிமெண்ட் வைத்துப் பூசினோம். மேற்குப் பக்க ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்தோம். கதவுக்கு ஸ்பிரிங் வைத்தோம். அப்போது அதை ஒரு முன்னேற்றமாக இதே இதழில் படத்தோடு போட்டிருந்தோம்.

இந்த ஏசி விஷயத்தில் நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. வெளிப்பெட்டி உள்ளேயிருக்கும் வெப்பத்தை மட்டுமே வெளியே தள்ளுகிறது. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து விடுகிறது. சீலிங் ஃபேனும் அப்படித்தான், இருக்கிற காற்றைக் கலக்கும், புதிதாக ஒரு மூச்சுக் காற்றைக் கூடக் கொண்டு வராது. ஏசியில் உள்ள ஜல்லடை தூசியைப் பிடிக்கும், காசநோய்க் கிருமியைப் பிடிக்காது.

அப்படியானால் கிருமி எப்படிப் போகிறது? காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அதனால்தான் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் காசநோய் தினம் வருகிறது. கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழி எது என்பதில் நெடுங்காலம் சச்சரவு இருந்தது. துப்பிய சளியிலா, தொட்ட பாத்திரத்திலா, பக்கத்தில் நின்று இருமும்போது தெறிக்கும் துளியிலா?

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் வெல்ஸ், ரைலி என்ற இருவர் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். ஆறு காசநோய் அறைகளிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டில் இருந்த கினிப்பன்றிகள் மேல் விட்டார்கள். (பெயரில்தான் பன்றி, அது எலி மாதிரி ஒரு கொறிக்கும் பிராணி.) அவை நோயாளிகளைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை, அவர்கள் பாத்திரத்தில் சாப்பிட்டதில்லை. காற்று மட்டும் போனது. இரண்டு ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட கினிப்பன்றிகளுக்குத் தொற்று வந்தது. அதே காற்றைப் புறஊதாக் கதிர் விளக்கு வழியாகச் செலுத்தி இன்னொரு கூண்டுக்கு விட்டார்கள். அதில் ஒன்றுக்குக் கூட வரவில்லை.

இருமும்போதும், பேசும்போதும், சத்தமாக ஓதும்போதும் வாயிலிருந்து ஈரத்துளிகள் வருகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை நொடியில் உலர்ந்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத துகள்களாகிக் காற்றிலேயே மிதக்கும். பத்தி வைத்த அறையில் புகை எப்படி மூலை முடுக்கெல்லாம் போய் நிற்கிறதோ அப்படி. இருமியவர் எழுந்துபோன பிறகும் அறைக்குள் மணிக்கணக்கில் இருக்கும். தட்டம்மைக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடியது. தும்மும்போது ஆடையாலோ கையாலோ முகத்தை மூடும் சுன்னத்தை நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். பெரிய துளிகளை அது நன்றாகத் தடுக்கும். மூச்சோடு வெளியேறும் நுண்துகளுக்கு அது மட்டும் போதாது.

கொரோனா காலத்தில் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். தரையில் வட்டம் போட்டோம். பிளீச்சிங் பவுடர் தெளித்தோம். வாசலில் சானிடைசர் வைத்தோம். முதல் அலை நேரத்தில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2021 மே மாதத்தில்தான் நம் மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் நுண்துகள்கள் பத்து மீட்டர் வரை போகும், ஜன்னல் கதவுகளைத் திறந்து வையுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகளும், நவம்பர் 1 அன்று சிறு வகுப்புகளும் திறந்தபோது நாமும் மக்தபைத் திறந்தோம். வட்டங்களைப் புதுப்பித்தோம். ஜன்னல் யாருக்கும் நினைவு வரவில்லை. மறுபடி வந்த கோடையில் ஏசியே போட்டுவிட்டோம்!

இனி நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹஜ்ரத்தை அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது எங்களை நிறுத்தியது அதுதான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அன்றைக்குக் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் போல ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அவ்வளவு படுக்கை நாட்டில் இல்லை. அதனால் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையில், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் சென்னையின் நெருக்கமான, வறுமையான வீடுகள். குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. மருந்து ஒழுங்காகத் தொடங்கிவிட்டால் பரவும் தன்மை விரைவாகக் குறைந்துவிடுகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே, நோய் என்று தெரியாத நாட்களிலேயே, தொற்றியிருந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு இதில் இரண்டு பாடம். மருந்து சாப்பிடும் ஹஜ்ரத்தைக் கண்டு இப்போது பயப்படுவது அர்த்தமற்றது. பயப்பட வேண்டிய நாட்கள், அவரும் நாமும் சாதாரண இருமல் என்று நினைத்திருந்த ஏப்ரலும் மேயும். ஆனால் அந்த நாட்களில் யாரை எப்படி ஒதுக்கி வைப்பது? யாருக்கும் தெரியாதே! நோய் என்று தெரியாத காலத்தில் பிள்ளைகளுக்கு இருந்திருக்க வேண்டிய காவல் ஜன்னல் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் கண்ணாடி போட்டு அடைத்து வைத்திருந்தோம்.

ஜன்னலுக்கு அவ்வளவு சக்தியா என்று ஒரு சகோதரர் கூட்டத்தில் கேட்டார். தைவானின் தைபே நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னோம். அங்கே 2010க்குப் பிறகு மாணவர்களிடையே காசநோய் பரவியது. காற்றோட்டம் இல்லாத வகுப்பறைகளில் கரியமில வாயுவை அளந்தார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 3,200 பங்கு இருந்தது. வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420தான். காற்றோட்டத்தைச் சரிசெய்து அதை 600க்குக் கொண்டு வந்தார்கள். மற்ற நடவடிக்கைகளின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகும், உடன் இருந்தவர்களுக்கு நோய் வருவது 97 சதவீதம் குறைந்திருந்தது.

கரியமில வாயுவை ஏன் அளக்க வேண்டும்? அது கிருமி அல்ல. ஆனால் நாம் விடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு. அறையில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு மற்றவர் விட்ட மூச்சை நாம் இழுக்கிறோம் என்று பொருள். 1,000 என்றால் ஏறத்தாழ அறுபத்தைந்து மூச்சில் ஒன்று இன்னொருவர் விட்டது. 3,000 என்றால் பதினைந்தில் ஒன்று.

நம் கூடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி. 6,000 கன அடி, அதாவது சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் லிட்டர் காற்று. உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடும் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து பேருக்கு 585 லிட்டர். முற்றாக அடைத்த அறையில் ஒரே மணி நேரத்தில் 3,400க்கு மேல் கூடும், முதலில் இருந்த 420 தனி. கதவு திறந்து மூடும்போதும் இடுக்குகள் வழியாகவும் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும் தைபே வகுப்பறைகளுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம். நம் வகுப்பு ஒரு மணி நேரமல்ல, மூன்று மணி நேரம். பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் ஷைத்தான் வேலை என்று அதட்டியிருக்கிறோம். அதில் எங்கள் வேலையும் கொஞ்சம் இருந்திருக்கும் போலிருக்கிறது.

ஒரு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நம் கூடத்துக்கு அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறைக்கு மேல் மொத்தக் காற்றும் மாற வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்தால் இது எட்டக்கூடியதே. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் 2000களில் அளந்து பார்த்தார்கள். ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்த அறைகளில் மணிக்குச் சராசரியாக 28 முறை காற்று மாறியது. இயந்திரம் வைத்துக் காற்று மாற்றிய அறைகளில் 12 முறைதான். அதிலும் 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களே சிறந்து நின்றன.

அதற்கு லிமாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க் கூட்டம் வருகிறது, நாம்தான் போவதில்லை. அங்கே நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தால் தடித்த சுவர், இருட்டு, வௌவால் வாடை, அசையாத காற்று. நெல்லுக்கு அது வேண்டும். சற்றுத் தள்ளி கல்யாண மஹாலில் ஏறி நின்றால், அடுக்குக்கு அடுக்கு நாற்புறமும் வளைவுத் திறப்புகள், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உள்ளே வந்து மறுபக்கம் போகும். கட்டியவர்களுக்குக் கிருமி தெரியாது. மனிதர் இருக்கும் இடம் எது, மூட்டை இருக்கும் இடம் எது என்பது தெரிந்திருந்தது. நாங்கள் பிள்ளைகளை உட்காரவைக்க ஒரு களஞ்சியம் கட்டியிருந்தோம்.

காசநோய் ஒன்று மட்டும் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கூடத்தின் வடக்குச் சுவர் ஊறிக் கறுப்புப் பூஞ்சை படரும். அதன் வித்துகள் காற்றில் பறக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் கூடும். இந்த வித்துகளை நம் நாட்டில் முதலில் தேடிப் பார்த்தவர்களில் ஒருவர் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கல்கத்தாச் சிறைகளின் காற்றைக் கண்ணாடியில் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்து 1873இல் நூலாகவே போட்டார். சுவரில் சுண்ணாம்பு அடித்துப் பூஞ்சையை மறைப்பதில் பயனில்லை. நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும். ஓதும் பாய், ஜமக்காளம் இரண்டையும் வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு துடைப்பம் போட்டுத் தூசி கிளப்பும் வழக்கத்தை நிறுத்தியிருக்கிறோம். இப்போது முந்தின நாள் இரவே ஈரத்துணியால் துடைக்கிறோம்.

கொசுவர்த்திச் சுருள் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மக்ரிபுக்குப் பின் ஜன்னலை அடைத்துச் சுருள் கொளுத்தி வைப்போம். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பள்ளி வளாகத்தில் ஒரு பீடி பிடித்தால் சண்டைக்குப் போகிற நாம்தான் இதைச் செய்திருக்கிறோம். சாம்பிராணியும் கிருமியைக் கொல்லும் என்று நம்பிப் போட வேண்டாம். மணத்துக்காகப் போடுவதென்றால் பிள்ளைகள் வருமுன் ஜன்னல் திறந்திருக்கும்போது போடலாம்.

இப்போது என்ன நிலை? ஆவணி மாதம் ஜாலிகளை மறுபடி உடைத்துத் திறந்தோம். மேற்குக் கண்ணாடிகளைக் கழற்றிக் கொசுவலை அடித்தோம். வலை இருந்தால் காற்று சற்றுக் குறையும், தூசி அடைத்தால் இன்னும் குறையும். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். இதற்கு இரண்டு சகோதரர்கள் முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு வைத்தோம். உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். மூடிய அறையில் அது சத்தம் மட்டும் போடும்.

வெயிலுக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம், கொஞ்சம் குறைந்தது. கோடை வகுப்பை ஃபஜ்ருக்குப் பின் ஆறரையிலிருந்து ஒன்பது வரை மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நாற்பத்தைந்து பேரை இரண்டு பிரிவாக்குகிறோம், இன்னொரு ஆசிரியர் தேவைப்படும். ஏசி போட்டே ஆக வேண்டிய நாட்களில் இரண்டு எதிர் ஜன்னல்களை ஒரு சாண் திறந்தே வைக்கிறோம். மின்கட்டணம் கூடும். அதைப் பற்றிக் குழுவில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. ஏசி தந்த சகோதரருக்கு விவரம் எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், வலைக்கு எவ்வளவு செலவு என்று கேட்டு எழுதினார்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் பிள்ளையானாலும் பெரியவரானாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் கூட வருகிறோம். பிள்ளைக்கு நோய் என்பதை மறைக்காதீர்கள். மகளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரியக்கூடாது என்று ஒரு தாய் எங்களிடம் அழுதார். அவர் கஷ்டம் புரிகிறது. மறைத்ததில் மருந்து இரண்டு மாதம் தள்ளிப் போனது. தட்டம்மைத் தடுப்பூசி விடுபட்ட பிள்ளைகள் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். 2017 பிப்ரவரி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தவிர்த்த வீடுகள் நம்மிடையே இருந்தன.

ஹஜ்ரத் மருத்துவர் அனுமதியோடு ஆகஸ்ட் மாதமே வகுப்புக்குத் திரும்பினார். ஆறு மாத மருந்தையும் முடித்துவிட்டார். இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினோம். பெயர் போட்டாலும் பரவாயில்லை என்றார். நாங்கள் போடவில்லை. அந்த மாணவனும் மருந்தை முடித்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். நிறுத்திய பதினொரு பிள்ளைகளில் எட்டுப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்ற மூன்று வீடுகளுக்கு வரும் ஞாயிறு அஸருக்குப் பின் நாங்கள் வருகிறோம், இன்ஷா அல்லாஹ். வருமுன் நீங்களே ஒருநாள் வந்து கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் நல்லது. மேற்கு ஜன்னல் பக்கம் உட்காருங்கள், அங்கேதான் காற்று நன்றாக வருகிறது.